திருகினால் நின்றுவிடுகிறது

ஜூன் 3, திங்கள்

வெளியே சொன்னால் சிரிப்பார்கள், இங்கேயாவது எழுதிவைக்கிறேன். இன்று நடுக்கடலில் எஞ்சினை "என்னங்க" என்று கூப்பிட்டுவிட்டேன். எல்லார் காதிலும் விழுந்தது. பூசாரி திரும்பி என்னைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் சாம்பலைக் கரைக்கப் போனோம். அவருடைய படகு, அவருடைய கிழட்டு எஞ்சின். பிள்ளை இல்லாத வீடு, நானே கரைப்பதாக ஏற்பாடு. ஓட்டியது இப்ராஹிம், ஞாயிறு தவறாமல் அவரோடு மீன் பிடிக்கப் போகிறவன். ஜெலுத்தோங் படகு ஜெட்டியிலிருந்து மெதுவாகப் போனவரைக்கும் ஒரு குறையும் இல்லை. வேகம் எடுக்கக் கைப்பிடியைத் திருகினான். எஞ்சின் இருமியது, செத்தது. பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து பார்த்து மூடினான். கயிற்றை இழுத்தால் உயிர் வந்தது. திருகினால் மறுபடியும் செத்தது. அப்போதுதான் என் வாயில் அந்த "என்னங்க" வந்தது.

அப்புறம் கயிற்றுக்கும் எழவில்லை, துடுப்புப் போட்டுத் திரும்பினோம். சாம்பலோடு!

நாத்தனார் தனுஜா கரையேறும் முன்னே ஆரம்பித்துவிட்டாள். "அண்ணனுக்குப் போக மனசு வரல அண்ணி. என்ன குறை வெச்சீங்க?"

சாம்பல் கலயம் திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாதாம். ஜெட்டி ஓரத்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

ஜூன் 4

மழை. மரத்தடிக்குப் போய்க் கலயத்தை பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு வந்தேன். குளிர் தாங்காத மனுஷன்.

ஜூன் 5, புதன்

இப்ராஹிம் பிளக்கை மாற்றினான், பில்டரை மாற்றினான். எஞ்சினைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி மெதுவாக ஓடவிட்டால் சமர்த்தாகப் பாடுகிறது. படகில் மாட்டி வெளியே போனோம். திருகினான். செத்தது.

"அண்ணே இருந்தா காதை வெச்சே கண்டுபிடிச்சிருப்பாருக்கா," என்றான்.

"அண்ணே இருந்தா நாம ஏன்டா இப்ப கடல்ல நிக்கிறோம்?" என்றேன். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அவன் அழுதுவிட்டான். என் வாயைத் தைக்க வேண்டும்.

ஜூன் 7, வெள்ளி

தனுஜா போன் செய்தாள். கருமாதிக்குள் கரைத்தே ஆகவேண்டுமாம். "வேற படகு எடுத்து முடிச்சிருங்களேன் அண்ணி. ஊரே பேசுது."

அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் போக மாட்டேன் என்கிற மனுஷனை வேறு படகில் ஏற்றி அனுப்பினால் அது கரைப்பதா, துரத்துவதா? அவர் படகில்தான் போவார். அவராகப் போவார்.

மெக்கானிக் கமால் எஞ்சினைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினானாம். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். எவ்வளவு திருகினாலும் சிங்கம் மாதிரி கத்தியது. கமால் கையைத் துடைத்துக்கொண்டு, "சரியாப் போச்சுக்கா, இனி லங்காவி வரைக்கும் போலாம் லா," என்றான்.

இன்றுதான் ஒழுங்காகச் சோறு தின்றேன்.

ஜூன் 9, ஞாயிறு

செத்தது. அதே மாதிரி. பட்டறையில் சிங்கம், என்னைக் கண்டால் பிணம்.

அப்படியென்றால் கோளாறு எஞ்சினில் இல்லை. என்னிடம்தான்.

யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமை காலை அவர் பின்கட்டில் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். பசியாற ரொட்டி சானாய் வாங்கி வரச் சொன்னேன். காதில் வாங்கவில்லை. "அந்த எஞ்சினையே கட்டிக்கிட்டு அதுகூடவே போய்ச் சேருங்க," என்றேன். விளையாட்டுக்குத்தான்! அவர் தொப்பையை, குறட்டையை, கல்யாணப் படத்தில் இருக்கிற மீசையை, எதைத்தான் நான் விட்டேன்? எல்லாவற்றுக்கும் தோள் குலுங்கச் சிரிப்பார். சிரித்துவிட்டு, "முடிஞ்சதா?" என்பார். அதோடு சரி.

அன்றைக்குச் சிரிக்கவில்லை. முடிஞ்சதா என்றும் கேட்கவில்லை. துணியை வாளியில் போட்டுவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் விழுகிற சத்தம்.

அப்போதே நெஞ்சு வலித்திருக்குமோ? அதனால்தான் சிரிக்கவில்லையா? இல்லை, அந்த வார்த்தை குத்திவிட்டதா? யாரைப் போய்க் கேட்பேன்? இத்தனை வருஷம் எல்லாரையும் கிண்டல் பண்ணி பண்ணி, கடைசியில எது கிண்டல் எது சாபம்னு எனக்கே தெரியாமப் போச்சே. கோபம்னா திட்டிட்டுப் போயிருக்கலாம்ல? இப்படி எஞ்சினை அமுக்கி அமுக்கிப் பழி வாங்கணுமா?

ஜூன் 10

போகவில்லை. சமைக்கவில்லை.

ஜூன் 11

மரத்தடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். தூண்டில் போட வந்த ஒரு சீனக் கிழவர் என்னைப் பார்த்துவிட்டு வேறு இடம் போய்விட்டார். பதில் இல்லை. பழைய குமுதாவாக இருந்தால் "உயிரோட இருக்கும்போதே பதில் கிடையாது" என்று சொல்லியிருப்பேன். இன்று வரவில்லை.

ஜூன் 12, புதன்

கமாலுக்கு ரோஷம் வந்து ஜெட்டிக்கே வந்துவிட்டான். "என் கையில ஓடினது இங்க ஏன் ஓடல? நானும் ஏறுறேன்," என்றான். நானும் ஏறினேன். இப்ராஹிம் திருகினான். செத்தது.

கமால் எஞ்சினைத் தொடவே இல்லை. டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகிற குழாயைப் பிடித்துப் பார்த்தான். நடுவில் கையால் அமுக்குகிற ரப்பர் பந்து சப்பையாக ஒட்டிக் கிடந்தது. டேங்க் மூடியைத் திருகினான். புஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே போனது. மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான்.

"பட்டறையில என்னோட டேங்க்ல போட்டு ஓட்டினேன். அதான் தெரியல," என்றான். பிறகு, "அக்கா, இதுல யாரு சந்தனம் வெச்சது?"

நான்தான். முதல் நாள் கலயத்துக்குப் பூசியது போக மிச்சம் இருந்தது. எஞ்சின் தலையில் ஒரு பொட்டு, டேங்க் மூடியில் ஒரு பொட்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நல்லபடியாகப் போகட்டும் என்று, பழையதன் மேலேயே இன்னும் கொஞ்சம். மூடியில் காற்றுப் போகிற ஓட்டை இருக்கிறதென்று எனக்கு என்ன தெரியும்? எஞ்சின் மெதுவாகக் குடித்தால் சமாளிக்குமாம். வேகமாக உறிஞ்சினால், காற்று உள்ளே வராமல் பெட்ரோல் வராதாம்.

கமால் ஊசியால் குத்திக் குத்தி எடுத்தான். கட்டியாக வந்தது. இப்ராஹிம் சிரிப்பை அடக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்தபிறகுதான் அழுகை. அவர் என்மேல் கோபமாக இல்லை. சரி. ஆனால் என்னைவிட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கவும் இல்லை. வெறும் சந்தனம். அன்றைக்கு ஏன் சிரிக்கவில்லை என்பது இனிமேல் தெரியப்போவதில்லை.

ஜூன் 13, வியாழன்

காலையில் போனோம். இப்ராஹிம், பூசாரி, தனுஜா, நான். எல்லாரும் மிதவைச் சட்டை போட்டிருந்தோம். வழக்கமாக எஞ்சின் சாகிற இடம் வந்தது. எப்படியும் நிற்கத்தான் போகிறது என்று பழக்கத்தில் நான் எதையும் பிடிக்கவில்லை. கலயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். இப்ராஹிம் திருகினான். நிற்கவில்லை.

படகு பாய்ந்தது. நானும் கலயமும் பின்பக்கமாகக் கடலில் விழுந்தோம்.

பூசாரி இன்னும் மந்திரத்தைத் தொடங்கவில்லை. படகைத் திருப்பிக்கொண்டு வந்து, நான் மிதந்துகொண்டிருக்கும்போதே சொல்லி முடித்தார். பூவை என்னைச் சுற்றிப் போட்டார்கள்.

மேலே இழுத்துப் போட்டதும் தனுஜா, "அண்ணன் உங்களையும் கூட்டிட்டுப் போகப் பாத்தாரு அண்ணி," என்றாள்.

"பாத்தாரு. கனம் தாங்காம விட்டுட்டாரு," என்றேன்.

கரைத்தபின் தலை முழுக வேண்டும் என்பது முறை. முழுகியாயிற்று. இடது கால் செருப்பைக் காணோம்.