உதைத்துப் பார்த்த டயர்

ஜூன் 9, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கொடியில் காய்ந்த துணியெல்லாம் சுரங்கத்துக் கரித்தூள். உதறினால் இன்னும் பரவுகிறது. டயர் கடைக்குப் போனதும் கம்ப்ரசரில் தேங்கிய தண்ணீரை வடித்தேன். ஒரு சொம்பு இருக்கும்.

பதினொரு மணிக்கு மேகலா அக்கா. நர்ஸ். டவுன்ஷிப் பதினெட்டாவது பிளாக்கில் அம்மாவோடு இருக்கிறார். எப்போதும் டூ வீலரில் வருவார், இன்று கார். மாற்றலாகிப் போன ஓர் ஆபீசரிடம் வாங்கிய பழைய வெளிநாட்டுக் கார்.

"ஸ்டெப்னியக் காணோம் அண்ணே. டிக்கில ரெண்டு நாளா தேடறேன்."

சித்தப்பா (கடை அவருடையது) குனிந்து டயர் ஓரத்து எழுத்தைப் பார்த்தார். "இருந்தாதானே சிஸ்டர் கெடைக்கும்? இது ரன் ஃபிளாட்டு. பஞ்சரானாலும் நிக்காது, ஓடிகினே இருக்கும். அதான் ஸ்டெப்னியே குடுக்கல."

பக்கவாட்டு ரப்பர் அவ்வளவு தடிமனாம். காற்றே இல்லாவிட்டாலும் வண்டியை அதுவே தாங்குமாம். அதனால் ஓட்டும்போது கடக்கு கடக்கென்றுதான் இருக்குமாம். எண்பது கி.மீ. தூரம் வரை, எண்பது வேகத்துக்குள். ஆனால் நான்குமே பழசு, மாற்ற வேண்டும். மறுபடி ரன் ஃபிளாட்டா, சாதா டயரா? அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்.

வரும் திங்கள் முதல் அக்காவுக்குக் கடலூரில் வேலை. தினமும் போய்வர வேண்டும். திரும்பும்போது இருட்டிவிடும். போன வருடம் குறிஞ்சிப்பாடி தாண்டி டூ வீலர் பஞ்சராகி ஒரு மணி நேரம் தனியாக நின்றாராம். பைக்கில் இரண்டு பேர் நான்கு முறை அவரைக் கடந்து போய்த் திரும்பி வந்தார்களாம். "அஞ்சாவது தடவ வர்றதுக்குள்ள பஸ் வந்துடுச்சு" என்று சிரித்தார். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

சித்தப்பா, "சாதாவுக்கு மாறிடுங்க" என்றார். காற்றடிக்க நின்ற டிப்பர் டிரைவர், "சேச்சே, லேடீசுக்கு இதான் சரி" என்றார். இருவரும் அக்காவை விட்டுவிட்டுத் தங்களுக்குள் சண்டை.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு அபி. நாள் பூரா டயரோட இருக்கறவ நீதானே?"

தரையைப் பார்த்தேன். பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னபோது பூட்டிக்கொண்ட அதே வாய். அதனால்தான் பள்ளிக்கூடமே நின்றது.

"சரி, யோசிச்சு வை. சனிக்கிழம வரேன். அப்படியே காத்து பாத்து விடு."

காற்றை அளக்கும் கேஜ் டிப்பர்காரரிடம் மாட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கடை வழக்கப்படி நான்குக்கும் காலால் ஒவ்வோர் உதை. லாரி என்றால் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பது, கார் என்றால் உதை. சித்தப்பா சொல்லிக் கொடுத்தது. நான்கும் கல்.

"காத்து இருக்குங்கக்கா."

இன்று வெளியாளிடம் நான் பேசிய ஒரே வாக்கியம்.

ஜூன் 10, புதன்

மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு வரவில்லை. போனில் வீடியோ பார்த்தேன். ஒருவர் ரன் ஃபிளாட் உயிரைக் காப்பாற்றும் என்கிறார். அடுத்தவர் வாங்கியவுடன் கழற்றி எறி என்கிறார். இருவருக்கும் ஒரே மாதிரி தாடி. பாதி இங்கிலீஷ், பாதி புரியவில்லை.

எழுதிப் பார்க்கலாம்.

நல்லது:
- நடுரோட்டில் நிற்க வேண்டாம்.
- ஜாக்கி வைத்து நட்டு கழற்ற வேண்டாம்.
- வேகத்தில் வெடித்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்காதாம்.
- டிக்கியில் இடம்.

கெட்டது:
- விலை ஏறக்குறைய இரண்டு பங்கு.
- இங்கே கிடைக்காது. புதுச்சேரியிலிருந்து வர வேண்டும்.
- பஞ்சர் ஒட்ட யோசிப்பார்கள். காற்றில்லாமல் ஓடியிருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.
- கடினம். ஒவ்வொரு கல்லும் முதுகில் (அக்காவின் அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது).
- எண்பது கி.மீ. முடிந்த பிறகு?
- பக்கவாட்டில் கிழிந்தால் இதுவும் நிற்கும்.

கெட்டது அதிகம். ஆனால் நல்லதில் முதல் வரி ஒன்றே மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக இருக்கிறது. எண்ணிப் பார்ப்பதா, எடை போட்டுப் பார்ப்பதா?

அம்மாவிடம் கேட்டேன். "எந்தக் காருக்கு? நம்ம காருக்கா? போயி சோத்த வடி."

ஜூன் 11, வியாழன்

மனது சரியில்லை. ஒழுங்காக எழுத வேண்டும்.

மத்தியானம் மே. அக்கா கார் வந்தது. வரும்போதே ரப்பர் கருகும் நாற்றம். சித்தப்பா ஓடிப்போய் ஒவ்வொன்றாகக் கேஜ் வைத்தார். பின்னால் இடது பக்கம்: சைபர். முள் அசையவே இல்லை.

"எத்தினி நாளா இப்படி ஓட்டிகினு இருக்கீங்க?"

"தெரியலையே அண்ணே. கடக்கு கடக்குன்னுதான் இருந்துச்சு. இந்த டயரே அப்படித்தான்னு நீங்கதானே சொன்னீங்க?"

காற்று குறைந்தால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிய வேண்டுமாம். எரியவில்லை என்றார் அக்கா. சித்தப்பா உள்ளே தலையை விட்டுப் பார்த்து, கறுப்பு டேப் ஒன்றை நகத்தால் உரித்தார். அடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழைய ஓனர் ஒட்டியது. எரிச்சலாக இருந்திருக்கும், மூடிவிட்டார்.

"படிச்ச மனுசன் பண்ற வேலையா இது!" அக்கா அவரை ஐந்து நிமிடம் திட்டினார்.

டயரைக் கழற்றினோம். உள்ளே ரப்பர் தூள், மிளகைப் பொடித்துக் கொட்டிய மாதிரி. நடுவில் ஒரு சின்ன போல்ட் ஏறியிருந்தது. சுற்றிலும் துரு. புது போல்ட் இல்லை.

செவ்வாய்க்கிழமையே இருந்திருக்குமா?

அப்போதுதான் அக்கா கேட்டார். "அபி பாத்தப்ப காத்து இருந்துச்சு. அப்போ அதுக்கப்புறந்தான் போயிருக்கு, இல்ல?"

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. தலை தானாக ஆடியது.

"அப்போ நானும் தெனம் காலையில உன்ன மாதிரி நாலு உதை உதைச்சுப் பாத்துட்டுக் கிளம்பறேன். ஈசியாதான் இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். கார் எங்கள் கடையில், இடது பின்பக்கம் ஜாக்கியில்.

நாலு உதை. அதைத்தான் என்னிடம் கற்றுக்கொண்டு போகிறார்.

ஜூன் 12, வெள்ளி

சித்தப்பா சாப்பிடப் போன நேரம். அக்கா காரின் வலது பின்டயரில் வால்வைப் பிடுங்கிக் காற்றை முழுக்க விட்டேன். உஸ் என்று ரொம்ப நேரம். எழுந்து தள்ளி நின்று பார்த்தேன். அடியில் ஒரு விரல் அளவு தொப்பை, அவ்வளவுதான். சாதா டயராக இருந்தால் தோசை மாதிரி படுத்திருக்கும். உதைத்தேன். கல்.

ஃபிட்டர் மணியண்ணனைக் கூப்பிட்டு, காத்து இருக்கா என்று கேட்டேன். அவரும் உதைத்தார். "கும்முனு இருக்குதே. ஏன், யாராவது கொற சொன்னாங்களா?"

இருபது வருடமாக டயர் பார்ப்பவருக்கே தெரியவில்லை. அப்படியென்றால் என் தப்பு இல்லை. ஆனால் இருக்கு என்று சொன்னது நான். தெரியாது என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

இன்னொரு குழப்பம். காற்றில்லாமல் நிற்பதுதான் இந்த டயரின் நல்லது. அதனால் காற்று போனதே வெளியில் தெரியாது, அது கெட்டது. இரண்டும் ஒன்றுதான். நோட்டில் எந்தப் பக்கம் எழுதுவது? இரண்டுக்கும் நடுவே கோடு போட்டு, அதன் மேலேயே எழுதினேன்.

மறுபடி காற்றடித்தேன். சித்தப்பா வந்துவிட்டார். "வேல இல்லாதப்ப கம்ப்ரசர் எதுக்கு ஓடுது?" சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவரிடம் எனக்குப் பேச்சு வரும்.

கேட்டுவிட்டுக் காதைச் சொறிந்தார். "வுடு. டேப்பு ஒட்டினவன் மேல பழி போயிட்டுது. இத்த நீ கெளப்பினா நம்ம கடையில இனிமே யாரு வண்டிய வுடுவாங்க?"

அதுவும் சரிதான். ராத்திரி முழுக்க அதுவும் சரிதான், அதுவும் சரிதான்.

ஜூன் 13, சனி

வெயில். தலைக்கு எண்ணெய் வைக்க மறந்தேன்.

பத்து மணிக்கு மே. அக்கா. முடிவு செய்துவிட்டாராம். "இதே டயரு போடுங்க அண்ணே. ரெண்டு நாள் காத்தில்லாம ஓடியும் என்ன நடுத்தெருவுல விடல பாருங்க."

சித்தப்பா போனை எடுத்தார், புதுச்சேரிக்குச் சொல்ல. என்னைப் பார்க்கவில்லை.

பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. வலது பின்டயரிடம் போய் உட்கார்ந்து காற்றை விட ஆரம்பித்தேன். சித்தப்பா "ஏய்" என்றார். நிறுத்தவில்லை.

முழுக்கப் போனதும் எழுந்து, "உதைச்சுப் பாருங்கக்கா" என்றேன்.

உதைத்தார். "இருக்கே?"

கேஜ் வைத்துக் காட்டினேன். சைபர். அக்கா கேஜைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், மறுபடி உதைத்தார், வலித்திருக்கும்.

"செவ்வாக்கெழம நான் ஒதச்சுதாங்க பாத்தேன். அப்ப காத்து இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது."

சித்தப்பா போனைப் பைக்குள் போட்டார்.

அக்கா காரின் பின்சீட்டைப் பார்த்தார். பிறகு, "எங்கம்மாவ அதுல உக்கார வெச்சு வடலூர் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன் தெரியுமா?" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "இத வியாழக்கிழமையே சொல்லிருக்கணும் அபி."

"ஆமாங்கக்கா."

"சரி. இப்ப சொல்லு. எந்த டயரு?"

"தெரியலைங்க."

சித்தப்பா தலையில் கை வைத்தார். நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன், எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்குச் சாதா போதும், ஒட்டலாம், மலிவு, முதுகும் வலிக்காது. தனியாக இருட்டில் வருகிறவருக்கு இது. ஆனால் இதைப் போட்டால் கண்ணையும் காலையும் நம்பக்கூடாது. தினமும் கேஜ் வைக்க வேண்டும். விளக்கை மூடக்கூடாது. விளக்கு எரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு, மறுநாள் கடைக்கு. அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கூடாது.

"இவ்ளோ பேசுவியா நீ?" என்றார் அக்கா. கோபமா, இல்லையா, கண்டுபிடிக்க முடியவில்லை. கேஜ் ஒன்று தனியாக வாங்கிக்கொண்டார். என்னிடம் போன் நம்பரும்.

ஜூன் 14, ஞாயிறு

நான்கு டயரும் வந்தன. ர.ஃபி. தான். பக்கவாட்டு ரப்பர் மடங்கவே மாட்டேன் என்கிறது, மணியண்ணனுக்கு முட்டியில் சிராய்ப்பு. காற்றைச் சரி பார்த்து ரீசெட் செய்ததும் மஞ்சள் விளக்கு அணைந்தது. சித்தப்பா என்னோடு பேசவில்லை. மத்தியானம் எனக்கும் சேர்த்து பரோட்டா வாங்கி வந்தார். அப்போதும் பேசவில்லை.

அக்காவின் அம்மா காரில் உட்கார்ந்து பார்த்தார். "மாட்டு வண்டியே தேவலாம்டி."

ஜூன் 15, திங்கள்

காலை 6.20. மே. அக்காவிடமிருந்து போன். நான் போனில் பேசமாட்டேன், எல்லோருக்கும் தெரியும். எடுத்தேன். "முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்தொண்ணு. கிளம்பறேன்." வைத்துவிட்டார்.

பகல் முழுக்க நான்கு டூ வீலர், ஒரு டிராக்டர். சாயங்காலம் மேகம்.

6.45. மறுபடி போன். "அபி, கடலூர் தாண்டிட்டேன். லைட் எரியுது. ரோட்டு வேல நடக்கற எடத்துல எதுவோ குத்திருக்கு போல. முன்னாடி வலது பக்கம் பதினாலு காட்டுது. எறங்கிக் கேஜ் வெச்சுப் பாத்தேன். இங்க யாருமே இல்ல. வரலாமா, நிக்கலாமா?"

சித்தப்பா விருத்தாசலம் போயிருந்தார். மணியண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

எண்பது என்று எழுதியிருக்கிறது. வருவதற்கு முப்பத்தைந்து இருக்குமா? டயர் புதுசு. ஆனால் நான் கண்ணால் பார்க்கவில்லை. பக்கவாட்டில் கிழிந்திருந்தால்? பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள் என்றேன். தடவினார். கிழியவில்லை, அடியில்தான் ஆணி என்றார். பின்னால் ஒரு லாரி போகும் சத்தம் போனில் கேட்டது.

"நிக்காதீங்கக்கா. வாங்க. அறுபதுக்கு மேல போவாதீங்க. பள்ளத்துல மெதுவா எறக்குங்க. கடையத் தொறந்து வெச்சிருக்கேன்."

சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை. அம்மா போன் செய்தார், சாப்பிட வரச்சொல்லி. வரமாட்டேன் என்றேன். ஜாக்கியை வெளியே எடுத்து வைத்தேன்.

7.15. ஒன்றும் இல்லை.

7.30. மழைத் தூறல். ஷிப்டு பஸ் போயிற்று.

7.38. மே. அக்காவிடமிருந்து மெசேஜ்: வடலூர் தாண்டிட்டேன், ஓடுது.

வடலூர் என்றால் இன்னும் பத்து கி.மீ.தான். ஓட்டிக்கொண்டே எதற்கு மெசேஜ் அடிக்கிறார்? பதில் போடவில்லை. போட்டால் அதையும் எடுத்துப் படிப்பார்.