நீ கேட்ட இடுப்பு

வீடு முழுக்க ஈர ஆட்டு வாடை. நேற்று மாலை உன் ஸ்வெட்டரைத் துவைத்து, சாப்பாட்டு மேசைமேல் துண்டு விரித்துப் பரப்பி வைத்தேன். கிள்ளானில் விடாத மழை. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் கம்பளி காய்கிற வழியாக இல்லை. என் வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததே நல்லது, உன்மேல் இருக்கிற கோபத்தை அவர்மேல் காட்டியிருப்பேன்.

ஆமாம், கோபம்தான். போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். நீ ஒழுங்காக அளவு கொடுத்திருந்தால் நானும் எழுதியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் இதை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்குப் பத்தவில்லையாம். அவளுக்கு அவள் அப்பா வீட்டு உடம்பு, அகலத் தோள். "வூல் நல்ல வூல் ஆன்டி. பிரிச்சு வேற ஏதாச்சும் போட்டுக்குங்க. சும்மா அலமாரியில கிடக்குது லா," என்றாள். அவள் பேச்சில் தப்பு எதுவும் இல்லை. அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன். கை நுழைந்தது. மார்புக்குக் கீழே பட்டனும் துளையும் எட்டாத தூரத்தில் நின்றன. மூச்சை இழுத்துப் பிடித்தும் பார்த்தேன். இந்த ஊரில் இது யாருக்கும் ஆகாது. இதைப் பின்னியவள் நான் என்று நினைக்கும்போது வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சம் அல்ல.

நாம் பழகியதே குளிரால்தான். காலை கொமுட்டர் ரயிலில் பெண்கள் பெட்டி, ஏர்கான் நேராகப் பிடரியில் அடிக்கும் அந்த ஓர இருக்கை. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே பல் கிட்டும். நீ பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணக்கர் அலுவலகத்துக்குப் போவாய், நான் அதற்கு முன்பே பெட்டாலிங் ஜெயாவில் இறங்கிவிடுவேன். என் அலுவலகமும் ஐஸ் பெட்டிதான். கடையில் வாங்கிய ஸ்வெட்டர் எதுவும் நமக்குப் பொருந்தவில்லை என்று ஒருநாள் புலம்பிக்கொண்டோம். தோள் சரியாக இருந்தால் வயிறு பிடிக்கும், வயிறு சரியாக இருந்தால் தோள் தொங்கும். அப்புறம் ஒரே போனில் ஆளுக்கொரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வீடியோ பார்த்துப் பின்னக் கற்றோம். ஸ்டேஷன் தவறவிட்டுத் திரும்பி வந்த நாள்களும் உண்டு.

கை, கழுத்து எல்லாம் சண்டையில்லாமல் வந்துவிட்டது. உடல் பகுதியில்தான் நமக்குள் வாய்த்தகராறு. அந்த வீடியோக்களில் வரும் பெண்களுக்கு இடுப்பு என்று ஒன்று தெளிவாக இருந்தது. இரண்டு பக்கத்திலும் பின்னல் கண்ணி குறைத்துக்கொண்டே போய் இடுப்பை ஒடுக்கி, பிறகு கண்ணி கூட்டி இறக்கினார்கள். நமக்கோ பிள்ளை பெற்ற வயிறு. நேராக விடு, வேண்டுமானால் கீழே கொஞ்சம் விரித்துவிடு என்பது என் கட்சி. நேராக விட்டால் தலையணை உறை மாதிரி இருக்கும் என்பது உன் கட்சி. என் முதல் ஸ்வெட்டரைச் சுபாங் ஜெயாவில் ஒரு மாலுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தோம், வீட்டில் போட்டால் வேர்த்துக் கொட்டுமே. துணிக்கடைக் கண்ணாடி முன்னால் நான் திரும்பித் திரும்பி நின்றபோது, கடைப் பெண் வந்து இது எங்கள் கடைத் துணியா என்று மலாயில் கேட்டாள். நீ சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தான். தலையணை உறை என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டாய்.

பிறகு உன் வயிற்றில் கட்டி என்றார்கள். மருந்து ஏற்றும் கூடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டும், அங்கே குளிர் ரயிலைவிட மோசம் என்று நீ சொன்னாய். மறுநாளே நூல் வாங்கினேன், நீ எப்போதும் கட்டுகிற அந்த மயில்கழுத்து நிறத்தில். என்னிடம் அப்போது செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. சமைத்துக் கொடுத்தால் உனக்குக் குமட்டியது, ஆறுதல் சொன்னால் பேச்சை மாற்றினாய். இந்த ஒன்றாவது உருப்படியாக நடக்கட்டும் என்று இருந்தேன். உன் உடம்புக்கு இதமாக, கச்சிதமாக ஒன்று.

டேப்பை எடுத்துக்கொண்டு வந்தால் நீ எழுந்து நிற்கவில்லை. அளவு பிளவுஸை எடுத்து நீட்டினாய். பிரிக்ஃபீல்ட்ஸ் டெய்லர் இத்தனை வருடமாக டேப்பால் உன்னைத் தொட்டதே இல்லை, பழைய பிளவுஸை வைத்துத்தான் வெட்டுவார், நீ என்ன பெரிய இவளா என்று கேட்டாய். பைத்தியக்காரி மாதிரி நானும் அதை வாங்கிவந்தேன். பிளவுஸ் விலா எலும்போடு முடிந்துவிடுகிறது, அதில் இடுப்பை எங்கே தேடுவது? குத்துமதிப்பாகக் குறைத்ததில் இடுப்பு மார்புக்கு அடியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. முழு உடலையும் பிரித்தேன். அடுத்து நீ ஒரு பஞ்சாபி சூட் டாப்பைக் கொடுத்தனுப்பினாய். உன் அண்ணன் மகன் கல்யாணத்துக்குத் தைத்தது, நோய் வருவதற்கு முன்னால். அந்தக் கல்யாணத்தில் நீ எப்படி இருந்தாய் என்று எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

அதற்குள் உன் கைகள் குச்சியாகியிருந்தன, வயிறு நீர் கோத்து உப்பியிருந்தது. அந்த டாப் உன் வயிற்றைத் தாண்டாது என்பது கண் இருக்கிற எவருக்கும் தெரியும். உன் கட்டில் ஓரம் உட்கார்ந்து எல்லா வழியும் சொன்னேன். மார்புக்குக் கீழிருந்து விரித்துவிடுகிறேன் என்றேன். முன்பக்கத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில வரிசை பின்னி வயிற்றுக்கு இடம் விடுகிறேன் என்றேன். கடைசியாக, முன்பக்கத்தைத் தொடாமல் முதுகில் மட்டும் இரண்டு கோடாகக் குறைத்தால் இறுக்கவும் செய்யாது, பின்னாலிருந்து பார்த்தால் இடுப்பும் தெரியும் என்று கெஞ்சவே செய்தேன். எல்லாவற்றுக்கும் நீ தலையை ஆட்டி மறுத்தாய். எனக்குப் பொறுமை போயிற்று. குளிருக்குப் போடப்போகிறாயா, போட்டோவுக்கா என்று கேட்டேன்.

"இப்ப இருக்கிற சைஸுக்குப் போடாதே," என்றாய். "இது நான் இல்ல. நான் திரும்பி வர்ற சைஸுக்குப் போடு."

வீட்டுக்கு வந்து, உன் பஞ்சாபி சூட்டை மேசையில் விரித்து, அதே வளைவில் கண்ணி குறைத்தேன், கூட்டினேன். பின்னும்போதெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். இவ்வளவு சுத்தமான வேலை நான் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் இல்லை.

மருத்துவமனையில் நீ அதைப் போட்டாய். ஒரு பட்டன்கூடச் சேரவில்லை. இரண்டு பக்கமும் விலகி நிற்க, நடுவில் வயிற்றின்மேல் அவர்களுடைய போர்வையைப் போட்டுக்கொண்டாய். எந்தக் குளிரைத் தடுக்க வேண்டுமோ அது நேராக நெஞ்சில் இறங்கியது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நீயோ மருந்துக் குழாயோடு முன்னால் சாய்ந்து நர்ஸுக்கு முதுகைக் காட்டினாய். பின்பக்கம் கட் எப்படி நிற்கிறது பார், என் ஃபிரண்டு பின்னினது என்று மலாயில் பெருமையடித்தாய். அந்தப் பெண்ணும் அழகு, அழகு என்றாள். ஒவ்வொரு தடவையும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனாய், கடைசித் தடவைவரை பட்டன் போடாமலே.

இப்போது யாராவது ஸ்வெட்டர் கேட்டால் டேப்பை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி என் வாயில் வந்துவிடுகிறது. எந்த உடம்புக்கு வேண்டும்? போர்ட் கிள்ளானிலிருந்து வருகிற சின்னப் பெண் ஒருத்தி என் அலுவலகத்தில் இருக்கிறாள், கொரியா போகப்போகிறாள். அவளிடம் கேட்டதற்கு, "என்ன ஆன்டி, இருக்கிறதே ஒரு உடம்புதானே," என்று சிரித்தாள். சிரிக்கட்டும். அவளுக்கும் பதில் வரும்வரை காத்திருந்துதான் அளவெடுத்தேன். பிள்ளை பெற்று இளைக்க நினைக்கிறவர்கள், நோயில் கிடந்து தேறியவர்கள், யாரும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்வதில்லை. ஒருத்தி மட்டும் யோசித்துவிட்டு, இப்போது இருப்பதற்கே போட்டுவிடுங்கள் அக்கா என்றாள். அவளுக்கு நான் இடுப்பை நேராகவே விட்டேன்.

மழை விட்டிருக்கிறது. ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தேன், இன்னும் ஈரம். பிரிப்பதற்காகத்தான் துவைத்தேன், துவைத்தால் நூல் சுருக்கம் விட்டு லேசாக வரும் என்று. பிரிக்கத் தொடங்க வேண்டிய முடிச்சு எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஸ்வெட்டரைக் கையில் எடுத்தபோது, பழக்கதோஷத்தில், திருப்பித் தராமலே வைத்திருக்கிற உன் பஞ்சாபி சூட்டை எடுத்துவந்து பக்கத்தில் விரித்துச் சரிபார்த்தேன். தோள், மார்பு, இடுப்பு, வளைவு. ஓர் இடத்தில்கூட விலகவில்லை. இத்தனை நாள் நான் எதையோ தப்பாகப் பின்னிவிட்ட மாதிரியே மனம் அடித்துக்கொண்டிருந்ததே, அதற்காகவும் உன்மேல் கோபம் வருகிறது. நீ கேட்ட அளவு இதுதான். அளவு சரியாகத்தான் இருக்கிறது. நீதான் வந்து சேரவில்லை.