கேமராவைக் கீழே வைத்த காலை

மச்சான்,

இன்று பண்ருட்டியில் பஸ் ஏறியதும் பலாப்பழ வாசனை முகத்தில் அடித்தது. ஜன்னலோரச் சீட்டில் ஒரு பெரிய பழம் சாய்ந்திருந்தது. அதைக் கொண்டுவந்தவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பழத்துக்கு சீட்டு, உனக்கு இல்லியா?" என்று கண்டக்டர் கேட்டார். "அது உருண்டுடும் சார், நான் உருள மாட்டேன்" என்றார் அவர். பஸ்ஸே சிரித்தது. உன்னிடம் காட்ட வேண்டுமே என்று நான் செல்போனில் படம் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் நீ இல்லாதது உறைத்தது.

துபாயில் கடை வேலையை விட்டுவிட்டு நம்மூர் முதுநகருக்குத் திரும்பியபோது நீ கொண்டுவந்த பெட்டியில் ஒரு பழைய டிஜிட்டல் கேமராதான் பெரிய பொருள். கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைப்பாய் என்று எல்லாரும் நினைத்தோம். நீயோ ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஏறினாய்.

அங்கே வெளியூர்க்காரர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீ வாசலில் கிடக்கும் செருப்புகளின் முன் குந்தியிருப்பாய். "கோபுரம் நாளைக்கும் இருக்கும் மச்சான். இந்தச் செருப்புங்க இப்பக் கெளம்பிடும்." அப்படி நீ எடுத்த ஒரு படத்தில், அப்பாவின் பெரிய செருப்புக்குள் குழந்தையின் குட்டிச் செருப்பு பத்திரமாக உட்கார்ந்திருக்கும். நான் அதைத் தாண்டித்தான் நடந்துபோயிருந்தேன்.

முதுநகரில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா உன்னைத் திட்டியதும் நினைவிருக்கிறது. "என்னாத்துக்குய்யா என்னைப் படம் புடிக்கிற?" நீ அவர் கண்முன்னாலேயே அந்தப் படத்தை அழித்துக் காட்டினாய். அடுத்த முறை நம்மைக் கண்டதும் அவரே கூப்பிட்டார். "இன்னிக்குத் தலை வாரியிருக்கேன். இப்ப எடு."

ஆனால் உன்னை நினைத்தால் முதலில் வருவது சிதம்பரம் கீழவீதி டீக்கடைதான். அந்தக் கடை மாஸ்டர் டீ ஆற்றுவதை நீ வாராவாரம் எடுப்பாய். அன்று காலையும் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாய். பிறகு, எடுக்காமலே இறக்கிவிட்டாய்.

"மச்சான், என்னமோ சரியில்ல."

டீ கொஞ்சம் கிளாசுக்கு வெளியே கொட்டியிருந்தது. எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. நீ கேமராவைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவர் எதிரில் போய் நின்றாய்.

"அண்ணே, கொஞ்சம் சிரிங்க."

படத்துக்காகக் கேட்கிறாய் என்று நினைத்து அவரும் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் மேலே போனது. "ரெண்டு கையும் தூக்குங்கண்ணே" என்றாய். இடது கை பாதியில் இறங்கிவிட்டது. "ஒண்ணுமில்ல தம்பி, தூக்கம் பத்தல" என்று குழறினார். பின்னாலிருந்து யாரோ, "மாஸ்டர், நம்ம டீ என்னாச்சு?" என்று கத்தினார்கள். நீ கை நீட்டி அடுப்பை அணைத்தாய். "டீ இல்ல. ஆட்டோ புடிங்க" என்று நீ போட்ட சத்தத்தில் வீதியே திரும்பியது. அவ்வளவு மெதுவாகப் பேசுகிற உனக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ!

பக்கவாதம் என்றார் டாக்டர். நேரத்தோடு கொண்டுவந்ததால் பிழைத்தார் என்றும் சொன்னார். மாஸ்டரின் மனைவி உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், எப்படிடா தெரிந்தது என்று. நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"வாப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு மச்சான். அன்னிக்கு வீடியோ கால்ல எங்கிட்டதான் பேசிட்டிருந்தாரு. வாய் கோணலா தெரிஞ்சுது. நெட்டு சரியில்லன்னு நெனச்சு, அப்பறம் பேசறேன்னு கட் பண்ணிட்டேன். அதான் அவரோட கடைசிப் பேச்சு."

வேலையை விட்டு ஏன் வந்தாய், மனிதர்களை ஏன் அப்படி உற்று உற்றுப் பார்த்தாய் என்பதெல்லாம் அந்தப் பயணத்தில்தான் எனக்குப் புரிந்தது. வேறொருவன் அந்த வேதனையோடு மூலையில் முடங்கியிருப்பான். நீ அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாய், அடுத்தவர் முகத்தைப் பார்க்க.

மாஸ்டர் மறுபடியும் கடைக்கு வந்த நாளில், "இப்பச் சிரிக்கச் சொல்லு தம்பி" என்று அவரே போஸ் கொடுத்தார். அந்தச் சிரிப்பில் லேசான கோணல் மிச்சமிருந்தது. நீ எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான்.

போன மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை முற்றி நீ போய்விட்டாய். உன் ஜனாஸா தொழுகைக்கு மாஸ்டர் கொட்டும் மழையில் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தார். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கூட்டத்தின் ஓரத்தில் கடைசிவரை நின்றார்.

எனக்கு உன்னைப் போல் படம் எடுக்க வரவில்லை மச்சான். சென்னையிலிருக்கும் மகளை மட்டும் தினமும் வீடியோவில் கூப்பிடுகிறேன். "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாம்மா" என்பேன். "என்னாப்பா, டெய்லி இதே ரோதனை" என்று சலித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்புவாள். அவள் முகத்தை முழுதாகப் பார்த்த பிறகுதான், சாப்பிட்டாயா என்று கேட்கிறேன்.