திறக்காத வீடியோ

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாளா? நான் நலம், கவலைப்பட வேண்டாம்.

போன மாதம் கிடங்கில் ஒரு சின்ன விபத்து. ரேக் சரிந்து, 'நெட்டை' என்று நாங்கள் கூப்பிடும் லோடுமேன் இறந்துவிட்டான். அவன் அதில் ஏறியதுதான் காரணம் என்கிறார் மேனேஜர். அவன் ஏறவே இல்லை. கேமராவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அவன் மனைவி அந்த வீடியோவைக் கேட்டதும், மேனேஜர் அதைப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். எங்கள் கேமராக்கள் பதியும் வீடியோ முறை ரொம்பப் பழசு. நான் வேலை பார்க்கும் கேமரா அறையிலுள்ள கம்ப்யூட்டரைத் தவிர வேறெதிலும் ஓடாது.

"புது முறைக்கு மாத்திக் குடுக்கட்டுமா சார்? பத்து நிமிஷ வேலை" என்றேன்.

"கேமராவை மாத்த வக்கில்லாமலா பழசையே வச்சிருக்கோம்? கேட்டாங்க, குடுத்தாச்சு. திறக்கலைன்னா அது அவங்க தலையெழுத்து. உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

கேமரா அறைக்குத் திரும்பிவிட்டேன்.

நேற்று அந்தப் பெண் மறுபடி வந்தாள். பென் டிரைவ்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, புதிதாக ஒன்று வாங்கி வந்திருந்தாள். "சிரமம் பாக்காம இன்னொரு தடவை போட்டுக் குடுங்கண்ணே" என்றாள். அதே வீடியோவை அப்படியே போட்டுக் கொடுத்தேன். "நீங்க நல்லா இருக்கணும்ணே" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இங்கே என்னோடு தங்கியிருந்து, லீவில் ஊருக்கு வந்திருக்கும் பெயிண்டரிடம் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே தூக்கம் சரியில்லை. ஷிஃப்டுக்கு மணி அடித்துவிட்டது. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டும்போது, அந்த வீடியோவை நான் மாற்றிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகன்