தங்க நிறப் பெயர்ப்பலகை

பீளமேடு
11.6.1995

பூங்கோதைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய்; எங்களுக்குத் தெரியாமல் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு நீயே தேடிக்கொண்ட சுகம், அதை நான் விசாரிப்பதற்கில்லை. ஜாம்ஷெட்பூரில் வெயில் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய், மோர் குடி. தங்கை கல்யாணத்துக்கு வரலாமா, மண்டபத்தில் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றும் கேட்டிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில்.

தமயந்திக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீடு ஈரோடு, மஞ்சள் மண்டிக்காரர்கள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அத்தை பாவாத்தாள் செருப்பைக் கழற்றும் முன்பே, கேட்டில் அப்பா பெயருக்குக் கீழே இருந்த பலகையைப் படித்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, பூங்கோதைங்கறது யாருங்க?" என்றாள். மாடியில குடியிருந்த டீச்சருங்க, காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க என்றேன். "பேரை மட்டும் உட்டுப்போட்டுப் போயிட்டாங்களாக்கும்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா தலை நிமிராமல் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

அவர்கள் போனதும் நம் அலுமினியப் பட்டறை ஆறுச்சாமியைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். தின்னர் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது பெயிண்ட் இல்லீங்களே அம்மணி, தேச்சாப் போறதுக்கு" என்றான். நீ பி.எஸ்ஸி. தேறியபோது அப்பா தன் கையால் செய்த பலகை அது. தங்க முலாம் என்று தோழிகளிடம் சொல்லித் திரிந்தாய். முலாம் என்பது வெளியிலிருந்து வந்து ஒட்டுவது. அலுமினியத்தை அமிலத் தொட்டியில் தொங்கவிட்டுக் கரண்டு கொடுத்தால், தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு அதன் மேல்பரப்பே கெட்டித் தோலாக மாறிவிடுகிறது. அந்தத் தோல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள், சாயம் அவற்றுக்குள் இறங்குகிறது, பிறகு கொதிநீரில் போட்டால் துளைகள் வாய் மூடிக்கொள்கின்றன. உன் பெயர் அப்படி உள்ளே போய் மூடிக்கொண்ட பெயர். எடுக்க வேண்டுமானால் தோலையே உரிக்க வேண்டும். ஆறுச்சாமி தயங்கினான். காஸ்டிக் சோடாத் தொட்டியில் நானே போட்டேன், பொங்கி நுரைத்தது. போதும் ராமாமணி, எடுத்துரு என்றார் அப்பா. ஓர் எழுத்தும் மிஞ்சக் கூடாது என்று நான் எடுக்கவில்லை.

இப்போது அதே பலகையில், அதே தங்க நிறத்தில், தமயந்தி பெயர் இருக்கிறது. ஆனால் தோலோடு உலோகத்தையும் காஸ்டிக் தின்றுவிட்டதால் பலகை மெலிந்துபோய்ச் சட்டத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. பாலக்காட்டுக் காற்று ஆரம்பித்ததிலிருந்து ஓயாமல் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. இடுக்கில் எதையாவது மடித்துச் செருகச் சொன்னார். உன் கடிதம் கையில் இருந்தது. நாலாக மடித்தேன், அளவாக இருந்தது. இப்போது சத்தமில்லை.

ஆகையால் நீ வர வேண்டாம். இனி எழுதினாலும் உறையின் பின்பக்கம் பெயர் போடாதே, நம் தபால்காரர் வாசலில் நின்று சத்தமாகப் படிப்பவர். உடம்பைப் பார்த்துக்கொள். வயிற்றில் இருப்பது குறையில்லாமல் பிறக்கட்டும். அதற்கு ஒரு நல்ல பெயராக வை.

இப்படிக்கு,
தமயந்தியின் அம்மா