மலையாகிப்போன சுவர்

சோபியா நகரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? உன்னிடம் விட்டுவந்த என் மகன் போயானுக்கு இருமல் நின்றதா? நான் நலம்.

நீ வேலை பார்த்த ஆலையை மூடிய பிறகு, காரை உதிர்ந்து மேடும் பள்ளமுமாய் நின்ற அதன் சுவரை வரைந்தேனே, அந்தப் படம் அரசுக் கலைக்கூடத்தில் தொங்குகிறது. “ஆலைன்னா அமைச்சகம் காசு தராது, ரலிட்சா. ‘நம் மலைகள்’னு பேர் வை, எவனுக்குத் தெரியப்போகுது?” என்று கலைக்கூட இயக்குநர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே வைத்தேன். திறப்புவிழாவில் அமைச்சக அதிகாரி, “எங்க ஊரு மலையேதான்” என்று கண்கலங்கினார். இன்னும் ஆறு மலைகள் வேண்டுமாம். வேறு வேலை கிடைக்கவில்லை, ஒப்புக்கொண்டேன்.

இன்று படத்தின் முன் வெகுநேரம் நின்றேன். உன் சுவரைக் காணோம் அம்மா. எனக்கும் மலைதான் தெரிகிறது.

போயான் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. அறைத்தோழி விளக்கை அணைக்கச் சொல்கிறாள்.

ரலிட்சா