வீட்ல யாரும் இல்ல

கோபம் இன்னும் ஆறாதவளுக்கு,

உன் அக்கா வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெரிதாக ஒன்றுமில்லை. பத்திரிகைக்கு வழக்கம்போல ஒரு பட விமர்சனம். கொள்ளைநோயில் ஊரே செத்துப்போய் ஒருத்தன் மட்டும் மிஞ்சுகிறான். மூன்று வருடம் கழித்து யாரோ கதவைத் தட்ட, உள்ளேயிருந்து "வீட்ல யாரும் இல்ல" என்கிறான். தியேட்டரே சிரித்தது. 'உயிரோடு இருக்கிறவன் இப்படிச் சொல்வானா?' என்று கிண்டலாக எழுதி அனுப்பினேன்.

நேற்று கூரியர்காரர் உன் பெயருக்கு ஒரு பார்சல் கொண்டுவந்து கதவைத் தட்டினார்.

"வீட்ல யாராவது இருக்காங்களா சார்?"

"யாரும் இல்லப்பா" என்றேன், கதவைத் திறந்து நின்றுகொண்டு.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்க யாரு சார்?"

பத்திரிகைக்குப் போன் செய்து அந்த வரியை எடுக்கச் சொன்னேன். அச்சாகிவிட்டதாம்.

கிளம்பும்போது நீ சொன்னாயே, "இத்தன வருஷமா இந்த வீட்ல நான் மட்டும்தாங்க இருந்தேன்" என்று. "வசனம் பேசாதே" என்றேன்.

அந்த விமர்சனமும் தப்பு.

பார்சலைப் பிரிக்கவில்லை.

இப்படிக்கு,
இப்போது வீட்டில் இருப்பவன்